செஞ்சிக் கல் பேசட்டும்!

நாட்டின் வரலாறு ஏட்டில் மட்டும் எழுதப்படுவதன்று, தெருவிலும் எழுதப்படுவது. ஏட்டைப் படிப்போர் நூற்றுவராயின், தெருவைப் படிப்போர் நூறாயிரவர். ஒரு நகரின் திடலில் எவருக்குச் சிலை எடுக்கப்பட்டுள்ளது, அச்சிலையைச் சூழ எவ்வூர்க் கல் நிற்கின்றது, அக்கல்லைப் பற்றி எம்மொழி பேசுகின்றது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டால் போதும். அந்நகரை ஆண்டவர் யார், ஆளப்பட்டவர் யார், இன்று அங்கு வாழ்வோர் தம்மைத் தாமே எவ்வாறு மதிக்கின்றனர் என்பன அனைத்தும் விளங்கிவிடும்.

இம்மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்பும் இடமொன்று தமிழ் நிலத்தில் உண்டு. அது புதுவைக் கடற்கரையிலுள்ள காந்தியடிகள் திடல். கடலோரமாக, சற்றொப்ப 4 மீட்டர் உயரத்தில் காந்தியடிகளின் சிலை நிற்கின்றது. அதனைச் சூழ எட்டுக் கருங்கல் தூண்கள். ஒவ்வொன்றும் ஒரே கல்லாலானது. அடி முதல் முடி வரை உளி நுணுக்கம் நிறைந்தது. மாலைதோறும் அங்கே காற்று வாங்க வருவோரும், வெளியூர்களினின்று வந்து படம் பிடித்துக் கொள்வோரும் எண்ணிலர். அவர்களுள் அத்தூண்கள் எவ்வூரின என்று அறிந்தோர் எத்துணைப் பேர்? அவை புதுவையில் பிறந்தவையல்ல. அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வடமேற்கே, மலைகளுக்கிடையே கிடக்கும் செஞ்சியினின்று பெயர்த்துக் கொணரப்பட்டவை.

தூண்கள் வந்த வழி

செஞ்சிக் கோட்டை பலர் கைப்பட்ட கோட்டை. ஆனந்தக்கோன் வழியினர் அதற்கு அடியிட்டனர் என்பது மரபுச் செய்தி. பின்னர் விசயநகரத்தார்க்கு உட்பட்ட நாயக்கர் ஆண்டனர். அதன்பின் பீசப்பூர்ச் சுலுத்தானியர், 1677ஆம் ஆண்டில் மராத்தியர், 1698ஆம் ஆண்டில் முகலாயர் என ஒருவர்பின் ஒருவராகக் கொண்டனர். 1750ஆம் ஆண்டு செபுதம்பர்த் திங்களில் பிரெஞ்சுப் படைத்தலைவன் புசி ஒரே இரவில் அதனைப் பிடித்தான். அன்று புதுவையில் ஆளுநனாக வீற்றிருந்தவன் துய்ப்ளே. 1761ஆம் ஆண்டில் ஆங்கிலர் கைக்கு மாறும் வரை செஞ்சி பிரெஞ்சியரிடமே இருந்தது. அக்காலத்தில்தான் கோட்டையுள் இருந்த வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் பெயர்க்கப்பட்டுக் கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்டன என்பர். இன்றும் அக்கோயிலுக்குச் செல்வோர், தூண் நின்ற இடங்கள் வெறுமையாய்க் கிடப்பதைக் காணலாம்.

துய்ப்ளே 1742 முதல் 1754 வரை ஆளுநனாயிருந்தவன். இந்திய மண்ணில் பிரெஞ்சுப் பேரரசு நிறுவக் கனவு கண்டவன். அக்கனவு கலைந்து, தாய்நாட்டுக்குத் திருப்பியழைக்கப்பட்டு, 1763ஆம் ஆண்டில் வறுமையில் மாண்டான். இறந்து நூறாண்டுக்குமேல் கடந்தபின், 1870ஆம் ஆண்டில் பிரெஞ்சியர் அவனுக்குப் புதுவையில் சிலை எடுத்தனர். அச்சிலைக்கு அணி செய்ய அவர்கள் தேர்ந்தவை எவை? செஞ்சியிலிருந்து வந்த தூண்களே. வென்றவன் சிலையைச் சூழத் தோற்ற மண்ணின் கல்லை நிறுத்தினர். இஃது ஒப்பனையன்று, வெற்றிப் பட்டயம்.

ஆட்சி மாறிற்று. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுவை இந்திய ஆளுகைக்குள் வந்தது; 1962ஆம் ஆண்டு ஆகத்து 16ஆம் நாள் அம்மாற்றம் சட்டப்படி நிறைவேறியது. துய்ப்ளேயின் சிலை கடற்கரைச் சாலையின் தென்முனைக்குச் சென்றது. தூண்களின் நடுவே காந்தியடிகள் வந்து நின்றார். படையெடுத்தவன் அகன்றான், படையே ஏந்தாதவர் வந்தார். உலகில் பல நகர்த் திடல்கள் கண்ட மாற்றங்களுள் இது சிறந்ததொன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்று மட்டும் மாறவில்லை. அன்று துய்ப்ளேயின் பக்கத்தில் நின்றபோது அத்தூண்கள் எவ்வாறு ஊமையாக நின்றனவோ, அவ்வாறே காந்தியடிகளின் பக்கத்திலும் நிற்கின்றன.

எழுதியவர் தமிழர், மறந்தவரும் தமிழர்

துய்ப்ளேயின் காலத்தை இற்றை உலகம் நாள்வாரியாக அறிவதற்குக் காரணமான நூல் பிரெஞ்சில் எழுதப்பட்டதன்று, தமிழில் எழுதப்பட்டது. அவனுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தலைவராகவும் விளங்கிய ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை, தம் வாழ்நாளின் இறுதி வரை, எழுதிய நாட்குறிப்பே அது. 1748ஆம் ஆண்டில் புதுவை வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதனை அவர் அந்நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். பாரசீகமும் போர்த்துகீசியமும் கலந்த நடையே அது. எனினும் எலும்பும் தசையும் தமிழ். பிரெஞ்சுப் பேரறிஞரும் ஆங்கில ஆய்வாளரும் தம் வரலாற்றைத் தாம் அறிதற்பொருட்டுத் தமிழனின் கைக்குறிப்பை மொழிபெயர்த்துப் படித்தனர். அத்தகைய நகரில், அத்தகைய காலத்துக் கற்களின் கதை தமிழில் ஊரறிய உரைக்கப்படாமல் இருப்பது எத்துணைப் பெரிய முரண்!

அதே கடற்கரையில், காந்தியடிகள் சிலைக்கு அணித்தே மற்றொரு நினைவுச் சின்னம் உண்டு. முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்க்கு எடுத்தது. அதில் பொறிக்கப்பட்டிருப்பது பிரெஞ்சு மொழி. மாண்டவர்க்குத் தம் மொழியில் சொல் பொறித்த பிரெஞ்சியரைக் குறைகூற ஒன்றுமில்லை. தம் மொழியைத் தாம் மதிப்பவன் கல்லைக் கண்டதும் எழுத்தாணியைத் தேடுவான். வெற்றி பெற்றவனும் செய்வான். இழந்தவனும் செய்ய வேண்டும். தமிழன் மட்டுமே தன் கல்லைக் கண்டதும் படமெடுத்துக் கொண்டு வீடு திரும்புகின்றான்.

மண்டகப்பட்டுக் கல் சொல்வது

இக்குறை நேற்று இன்று தோன்றியதன்று. அதன் வேர் செஞ்சிப் பக்கத்திலேயே காணக் கிடக்கின்றது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரப் பல்லவன் குடைவித்த கோயில் நிற்கின்றது. இருமருங்கும் வாயிற்காவலர், உள்ளே மூன்று கருவறைகள். நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் செங்கல் இன்றி, மரம் இன்றி, மாழை (உலோகம்) இன்றி, சுண்ணம் இன்றி இக்கோயிலைச் செய்வித்தான் விசித்திரசித்தன் என்று கல்வெட்டு உரைக்கின்றது. கட்டடக் கலை வரலாற்றில் அது பொன்னெழுத்துக்குரிய செய்தி. அழியும் பொருளை விட்டு அழியாப் பொருளுக்கு ஓர் அரசன் மாறிய நாளை அக்கல் அறிவிக்கின்றது.

ஆனால் அறிவித்த மொழி எது? வடமொழி. எழுத்து கிரந்தம். கல் தமிழ் நிலத்தது. சூழ வாழ்ந்த குடிமக்கள் பேசியது தமிழ். மன்னன் பெருமிதம் மட்டும் அம்மக்களுக்கு விளங்காத மொழியில். கோயிலில் இன்னின்ன பொருள்கள் இல்லை என்று நான்கு இன்மைகளை எண்ணிய மன்னன், ஐந்தாவதாகத் தமிழும் இல்லை என்பதை எண்ணாது விட்டான்.

‘அக்காலத்தில் கல்வெட்டு வடமொழியிலேயே எழுதப்பட்டது, மன்னனைக் குறை கூறல் தகாது’ என்பார் உளர். அவர்கள் மண்டகப்பட்டிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டா. அப்பக்கத்திலுள்ள தளவானூர்க் குடைவரையில் வடமொழியோடு தமிழ்ப் பாட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. செங்கழுநீர்ப்பட்டுக்கு அருகிலுள்ள வல்லத்தில், அம்மன்னனுக்கு அடங்கிய வயந்தப்பிரியரசனின் மகன் கந்தசேனன் தான் குடைவித்த கோயிலில் தமிழிலேயே எழுதி வைத்தான். ஆகவே தமிழுக்கு அன்று கல்லேறும் ஆற்றல் இல்லாமற் போகவில்லை. அரசனுக்கு மனமே இல்லாமற் போயிற்று. அடங்கிய தலைவன் கண்ட நேர்மையை ஆண்ட மன்னன் காணவில்லை.

இதனினும் தெளிவான சான்று செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில் உள்ளது. அங்குச் சமண முனிவர் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த செய்தி, பெரும்பாறையொன்றில் சிறு சொற்றொடராய்ப் பொறிக்கப்பட்டுள்ளது. மகேந்திரனுக்கு முற்பட்ட எழுத்தென அறிஞர் அதனை மதிப்பிடுவர். சமயச் சொற்கள் ஒன்றிரண்டு வடமொழியாயினும் வாக்கியம் தமிழ் வாக்கியம். முடி இல்லை, படை இல்லை, பட்டப்பெயர் இல்லை. உணவைத் துறந்த ஒரு துறவியின் இறுதி நாட்களை அவர்பால் அன்பு கொண்டோர் தம் ஊர்மொழியில் எழுதினர்; அவ்வளவே.

செஞ்சி வட்டாரத்தில் இங்ஙனம் இரு மரபுகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, ஆள்வோன் தன்னை ஒத்த ஆள்வோர்க்கு எழுதிய மண்டகப்பட்டு மரபு. மற்றொன்று, மக்கள் மக்களுக்கு எழுதிய திருநாதர்குன்று மரபு. காந்தியடிகள் திடலில் நிற்கும் செஞ்சித் தூண்களுக்கு எம்மரபில் எழுத்து வேண்டும் என்பதே இன்றைய வினா. நோன்பையே போர்க்கருவியாகக் கொண்ட காந்தியடிகளுக்கு எம்மரபு பொருந்தும் என்று எவரும் விளக்க வேண்டுவதில்லை.

காந்தியடிகளும் தமிழும்

இங்கே தமிழுணர்வு மிக்க அன்பர் சிலர் குறுக்கிடுவர். ‘இந்தியைத் தெற்கே பரப்பியவர்க்கா தமிழ்க் கல்லும் தமிழ் எழுத்தும்?’ என்று கேட்பர். அவ்வினா புறந்தள்ளற்குரியதன்று. 1918ஆம் ஆண்டில் சென்னையில் இந்தி பரப்பும் பணி காந்தியடிகளின் தூண்டுதலால் தொடங்கியது. அவர் மகன் தேவதாசரே முதலில் வந்து கற்பித்தார். அவ்வித்து வளர்ந்து 1938ஆம் ஆண்டில் இராசாசி அமைச்சரவையின் கட்டாய இந்தியாக முளைத்தபோது, தமிழகம் எழுந்தது. 1939ஆம் ஆண்டில் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாழ்வில் உயிரிழந்தனர். 1940ஆம் ஆண்டில் கட்டாயம் நீங்கியது. இவ்வரலாற்றை மறைத்துக் காந்தியடிகளைப் போற்றுவது போற்றுதலாகாது.

ஆயினும் ஒருவரை அளக்குங்கால் ஒருபுறம் மட்டும் அளத்தல் அறமன்று. தீண்டாமையை ஒழிக்க 1933, 1934ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் நடந்தவர் அவர். அந்நடையில் 1934ஆம் ஆண்டு புதுவைக்கும் வந்தார். தென்னாப்பிரிக்காவில் தம்மோடு சிறை புகுந்த தமிழ்த் தொழிலாளர் பொருட்டுத் தமிழ் கற்க முயன்றவர். சிறையிலிருந்து நோயோடு மீண்டு 1914ஆம் ஆண்டில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை வாழ்நாளெல்லாம் நினைவிற் கொண்டவர். 1909ஆம் ஆண்டில் தம் தன்னாட்சிக் கொள்கையை விளக்கிய நூலைக் கப்பலிற் சென்றபடியே தம் தாய்மொழியாகிய குசராத்தியில் எழுதினார். தம் வாழ்க்கை வரலாற்றையும் அம்மொழியிலேயே எழுதினார். 1916ஆம் ஆண்டில் காசிப் பல்கலைக்கழக விழாவில், தம் நாட்டு மக்களிடையே அயன்மொழியில் பேச நேர்ந்ததை இழிவென்று அவைநடுவே கூறினார். மாநிலப் பிரிவுகள் மொழிவழியே அமைதல் வேண்டுமென்னும் கருத்தைப் பேராயக் கட்சி 1920ஆம் ஆண்டில் தன் அமைப்பில் ஏற்றதும் அவர் தலைமைக் காலத்திலேதான்.

எனவே காந்தியடிகளின் இந்திக் கொள்கையை ஏற்காத தமிழன், அவருடைய தாய்மொழிக் கொள்கையை முழுமையாக ஏற்கலாம். குசராத்தியர்க்குக் குசராத்தி எதுவோ, அது தமிழர்க்குத் தமிழ். தம் நெஞ்சின் ஆழத்தைத் தாய்மொழியிலன்றி உரைக்க ஒவ்வாத ஒருவருக்குத் தமிழ் மண்ணில் எடுத்த நினைவிடம் தமிழ் பேசாதிருப்பின், அது தமிழுக்கு மட்டும் செய்த தவறன்று. அவருக்கும் செய்த தவறு. இந்தித் திணிப்பை எதிர்த்தவன்தான் இதனை உரத்துச் சொல்லும் தகுதி பெற்றவன்.

பெயர்த்தெடுத்தல் தீர்வாகுமா?

‘தூண்கள் செஞ்சிக்குரியவை, செஞ்சிக்கே திரும்பட்டும்’ என்பது மற்றொரு சாரார் கருத்து. கேட்டற்கு இனிது, நெஞ்சுக்கும் உவப்பானது. ஆனால் ஆராய்ந்தால் அதனுள் ஒரு குறை உண்டு. தூண்கள் திரும்பிச் சென்றுவிட்டால், அவை கொள்ளைபோன வரலாறும் உடன் மறையும். செஞ்சியில் அவை மீண்டும் தூண்களாகவே நிற்கும். புதுவையில் அவை சான்றாக நிற்கின்றன. இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக அவை பட்ட பாடு முழுவதும் அவற்றின் வாழ்க்கையே. சான்றை அகற்றுவதினும் சான்றைப் பேச வைப்பதே அறிவுடைமை. துய்ப்ளேயின் சிலையை உடைத்தெறிய வேண்டும் என்பார்க்கும் இதுவே விடை. சிலையை உடைத்தால் தெரு மறக்கும். சிலைக்கடியில் உண்மையை எழுதினால் தெரு நினைவு கொள்ளும்.

இதற்கு வழிகாட்டி வேறெவரும் அல்லர், பிரெஞ்சியரே. பாரிசு மாநகரின் பெருந்திடலொன்றில் முன்பு பதினைந்தாம் லூயி மன்னனின் சிலை நின்றது. 1792ஆம் ஆண்டில் மக்கள் அதனை வீழ்த்தினர். 1836ஆம் ஆண்டில் அத்திடலின் நடுவே எகிப்து நாட்டின் இலக்சோரிலிருந்து கொணர்ந்த 23 மீட்டர் உயர்ந்த ஒற்றைக்கல் தூண் நிறுத்தப்பட்டது. அத்தூணின் மேனியில் எகிப்தியரின் பண்டை ஓவிய எழுத்து அவ்வாறே உள்ளது. அதன் அடிப்பீடத்திலோ, அக்கல் இலக்சோரிலிருந்து வந்தது, எம்மன்னன் காலத்தில் வந்தது, எந்தப் பொறியாளர் நிறுத்தினார், எவ்வகைப் பொறிகளால் தூக்கி நிறுத்தினார் என்பன எழுத்தாலும் வரைபடத்தாலும் பொறிக்கப்பட்டுள்ளன. பாரிசில் எகிப்துக் கல்லுக்குப் பிறப்பிடம் எழுதத் தெரிந்தவர்கள், புதுவையில் செஞ்சிக் கல்லைப் பிறப்பிடம் எழுதாமலே நிறுத்தினர். அடிமை நாட்டில் எழுத வேண்டா என்று எண்ணினர் போலும். அவர்கள் எண்ணியது இருக்கட்டும். விடுதலை பெற்றபின்னும் தமிழர் அவ்வாறே எண்ணலாமா?

செய்ய வேண்டுவன

வேண்டுவது பெரும்பொருட் செலவன்று, நான்கு வரிகள். காந்தியடிகள் திடலில், தூண்களுக்கு ஊறு நேராதவாறு தனிக்கல் ஒன்று நட்டு, அதில் இங்ஙனம் பொறிக்கலாம்: “இத்தூண்கள் செஞ்சியில் நின்றவை. பிரெஞ்சியர் காலத்தில் புதுவைக்குக் கொணரப்பட்டவை. துய்ப்ளேயின் சிலையைச் சூழ நின்றவை. இன்று காந்தியடிகளைச் சூழ நிற்பவை.” பழிச்சொல் வேண்டா, புகழ்ச்சொல் வேண்டா, உண்மை போதும். முதலில் தமிழ், பின்னர் வெளிநாட்டார் பொருட்டுப் பிறமொழி. திறந்து வைத்தார், தலைமை தாங்கினார், முன்னிலை வகித்தார் என்று பெயர்ப் பட்டியலை நீட்டிப் பணியின் பெயரைக் கடைசி வரியில் ஒடுக்கும் இற்றை வழக்கத்தை அக்கல்லிலேனும் விடுதல் நன்று. மண்டகப்பட்டு மன்னன் கூடத் தன் பெயரோடு தன் பணியையும் நான்கு சொல்லால் தெளிவுறுத்தினான்.

சட்டமும் இதற்கு மாறானதன்று. 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் புதுவையில் தமிழுக்கு ஆட்சிமொழி உரிமை தந்துள்ளது. 2006ஆம் ஆண்டில் ‘பாண்டிச்சேரி’ என்று திரிந்த பெயர் ‘புதுச்சேரி’ என நேரானது. வீதிப் பலகைகளில் பிரெஞ்சோடு தமிழும் நிற்கின்றது. ஊர்ப்பெயரைத் திருத்தியவர்க்கு, தெருப்பெயரைத் தமிழில் எழுதியவர்க்கு, எட்டுத் தூண்களின் பெயரை எழுதுவது அரிதன்று.

செஞ்சியிலும் இத்தகைய கல் ஒன்று வேண்டும். வேங்கடரமணர் கோயிலில் வெறுமையாய்க் கிடக்கும் இடத்தருகே, இங்கு நின்ற தூண்கள் புதுவையில் உள்ளன என்று எழுத வேண்டும். மண்டகப்பட்டுக் குடைவரையின் முன்னே, அக்கல்வெட்டின் பொருள் முழுவதும், ஊர்ச்சிறுவன் எழுத்துக் கூட்டிப் படித்தறியும் எளிய தமிழில் நிற்றல் வேண்டும். பதினான்கு நூற்றாண்டுக்கு முன் மன்னன் செய்யாது விட்டதை இன்றைய மக்களாட்சி செய்து முடிக்கட்டும்.

காலந்தாழ்த்தலாகாமைக்குக் காரணம் ஒன்றும் உண்டு. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் செஞ்சிக் கோட்டை உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் ஏறியது. தமிழர் மகிழ வேண்டிய செய்தியே. ஆனால் எப்பெயரில் ஏறியது? மராத்தியர் படைநிலங்கள் என்னும் தலைப்பின்கீழ், மகாராட்டிரத்தின் பதினொரு கோட்டைகளோடு பன்னிரண்டாவதாக. மராத்தியர் அங்கு ஆண்டதும் உண்மை, போரிட்டதும் உண்மை. அவர்தம் வரலாற்றை அவர்கள் எழுதினர். எழுதியதால் உலகம் ஏற்றது. செஞ்சியின் தமிழ் வரலாற்றைத் தமிழர் எழுதி நாட்டாவிடின், நாளை அங்கு வரும் உலகோர் பிறர் எழுதியதையே படிப்பர். அப்போது பிறரை நொந்து பயனில்லை.

மலையைக் குடைந்தவன் உளி தமிழ் மண்ணிற் கூர்பெற்றது. தூணைப் பெயர்த்தவன் வண்டி தமிழ் மண்ணில் உருண்டது. சிலையை மாற்றிய விடுதலை தமிழ் மக்களின் குருதியிலும் வியர்வையிலும் வந்தது. இத்தனைக்கும் சான்றாய் நிற்கும் கல்லுக்கு ஒரு வாய் மட்டும் இல்லை. அவ்வாயைத் தருவது அரசின் கடமை. தரும் வரை கேட்பது தமிழ் மாணவர், ஆசிரியர், தமிழ்மன்றத்தார் அனைவரின் கடமை. செஞ்சிக் கல் பேசட்டும், தமிழிலேயே பேசட்டும்!